சதுரத்துள் சதுரங்கள்

ஓர் அங்குலப் பக்கமுள்ள சதுரத் துண்டுகள் ஐந்து இருக்கின்றன. ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி அவை ஐந்தையும் அடக்கிக்கொள்ளத்தக்க மிகச் சிறிய சதுரத் தட்டு எது? துண்டுகள் நான்காக இருந்திருப்பின் இவ்வினாவே எழாது. இரண்டு அங்குலத் தட்டில் அவை சிறிதும் இடைவெளியின்றி அமர்ந்துவிடும். ஒன்பதாயின் மூன்று அங்குலத் தட்டு அளவாகப் பொருந்தும். ஐந்தாவது துண்டுதான் தொல்லை தருவது. நான்குக்குமேல் ஒன்று கூடியதற்காக மூன்று அங்குலத் தட்டை எடுத்து, அதில் நான்கு துண்டுகளின் இடத்தை வெறுமையாக விட்டுவிடுவதா?

வேண்டியதில்லை. நான்கு துண்டுகளைத் தட்டின் நான்கு மூலைகளில் நிறுத்தி, ஐந்தாவதை நடுவிலே 45 பாகை திருப்பி வைத்தாற் போதும். இப்பொழுது தட்டின் மூலைவிட்டத்தை அளந்து பார்க்கலாம். ஒரு மூலைச் சதுரத்தின் மூலைவிட்டம் 1.414, நடுச் சதுரத்தின் பக்கம் 1, எதிர்மூலைச் சதுரத்தின் மூலைவிட்டம் மீண்டும் 1.414. ஆக 3.828. இதனை 1.414ஆல் வகுத்தால் தட்டின் பக்கம் ஏறத்தாழ 2.707 எனக் கிடைக்கும். மூன்று அங்குலத் தட்டின் பரப்பு 9 சதுர அங்குலம். இந்தத் தட்டின் பரப்போ 7.33 மட்டுமே. ஒரு துண்டைச் சற்றே சாய்த்ததால் வந்த இலாபம் இது.

ஒழுங்காக வரிசைப்படுத்தி அடுக்குவதே சிக்கனமான அடுக்கு என்பது எல்லோருக்கும் இயல்பாகத் தோன்றும் எண்ணம். பெட்டிக்குள் பொருள்களை வைப்பவரும் தரைக்கு ஓடு பதிப்பவரும் அதனையே கைக்கொள்வர். வட்டங்களை அடுக்கும் வினா பழையது. பீரங்கிக் குண்டுகளைக் குவிக்கும் வினாவோ கெப்ளர் காலத்தது. சதுரத்துள் சதுரங்களை அடுக்குவதில் ஆராயத்தக்கது எதுவும் இருக்குமென்று நெடுங்காலம் எவரும் கருதவில்லை போலும். இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியிலேதான் அந்த எண்ணம் கலைந்தது. கலைத்தவர்களுள் முதன்மையானவர் ஹங்கேரி நாட்டுக் கணித மேதை போல் எர்டோஷ்.

1913இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்த எர்டோஷ், சதுரங்களைப் பற்றி இளமையிலேயே சிந்தித்தவர். ஓர் அலகுச் சதுரத்துக்குள் பல அளவுள்ள சதுரங்களை வைக்கும்போது அவற்றின் பக்கங்களின் கூட்டுத்தொகை எவ்வளவு பெரிதாகலாம் என்று அவர் 1932இல் கேட்டார். அப்போது அவருக்கு வயது 19. சதுரங்களின் எண்ணிக்கை 4, 9, 16 என வர்க்க எண்ணாயின் கூட்டுத்தொகை முறையே 2, 3, 4க்கு மேற்படாது. இதனை எளிதில் நிறுவிவிடலாம். மேலும் ஒரு சதுரத்தைச் சேர்த்தாலும், அதாவது எண்ணிக்கை 5, 10, 17 ஆனாலும், கூட்டுத்தொகை ஒரு சிறிதும் கூடாது என்பது அவருடைய ஊகம். பார்வைக்கு எளிய இவ்வூகத்துக்கு அவர் 1996இல் மறையும் வரையில் முழுமையான நிறுவல் கிட்டவில்லை.

எர்டோஷுக்கு வீடும் இல்லை, குடும்பமும் இல்லை, நிலையான உத்தியோகமும் இல்லை. நாட்டுக்கு நாடு, பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் சென்று, கண்ட கணித அறிஞரோடெல்லாம் கூடி ஆராய்ந்து, கட்டுரை எழுதி முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்படுவது அவருடைய வாழ்க்கை. உடைமைகள் யாவும் ஒரு கைப்பெட்டிக்குள் அடங்கின. அதுவும் பாதிதான் நிறைந்திருந்தது என்பர். பெட்டிக்குள் இடம் காணாத கவலையை அறியாத ஒருவர் இத்துறைக்கு வழிகாட்டியது வேடிக்கைதான்.

அவருடன் இக்கேள்வியை ஆராய்ந்த ரொனால்ட் கிரகாம் அமெரிக்கர். பெல் ஆய்வுகூடத்தில் பணியாற்றியவர். பந்துகளை மாறிமாறி எறிந்து பிடிக்கும் வித்தையில் வல்லவர். அவ்வித்தைக்காரர்களின் சர்வதேசச் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்திருக்கிறார். 1963இல் கொலராடோ மாநிலத்து போல்டர் நகரில் நடந்த மகாநாடு ஒன்றில் இருவரும் சந்தித்தனர். ஐம்பது வயதான எர்டோஷ் மேசைப்பந்தாட்டத்தில் தம்மைத் தோற்கடித்ததை இளைஞரான கிரகாம் மறக்கவில்லை. அன்று தொடங்கிய நட்பு, எர்டோஷின் பணத்தைப் பராமரிப்பதும், அவர் வந்து தங்குவதற்கென்றே தம் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி வைப்பதும் கிரகாமின் கடமைகளாகும் அளவுக்கு வளர்ந்தது.

இவ்விருவரும் 1975இல் வெளியிட்ட கட்டுரை ஐந்தே பக்கங்கள் கொண்டது. அதன் வினா, மிகப் பெரிய தட்டைப் பற்றியது. பக்கம் முழு எண்ணாக உள்ள தட்டில் அலகுச் சதுரங்கள் அளவாக நிரம்பும். முழு எண்ணுக்குமேல் சிறிது மிஞ்சினாலோ? உதாரணமாகப் பக்கம் 1,00,000.5 அலகு என்று கொள்வோம். சதுரங்களை வரிசையாக அடுக்கினால், ஒரு பக்கத்தோரமும் மேலோரமும் அரை அலகு அகலமான இரு கீற்றுகள் வீணாகும். அவற்றின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ ஓர் இலட்சம் சதுரம். அரை அலகுக் கீற்றுக்குள் ஒரு முழுச் சதுரம் நுழையமுடியாது. ஆகவே அந்த இலட்சமும் போனதுதான் என்றே யாரும் சொல்லிவிடுவர்.

அவ்வாறு விட்டுவிடத் தேவையில்லை என்பதைக் காட்டுவதற்கு அரிய கணிதம் எதுவும் வேண்டியதில்லை. வீணாகும் அரை அலகைத் தனியே விடாமல், அதனோடு நூறு வரிசைகளையும் சேர்த்து, 100.5 அலகு அகலமுள்ள ஒரு பட்டையாக எடுத்துக்கொள்ளலாம். இப்பட்டைக்குக் குறுக்கே நூறு சதுரங்களை நிரையாக வைத்தால் அரை அலகு மிஞ்சும்; நூற்றொன்று வைத்தால் அரை அலகு இடிக்கும். இடிக்கும் கழியை நிமிர்த்தி வைக்க இயலாதபோது எவரும் என்ன செய்வர்? சாய்த்து வைப்பர். நூற்றொரு சதுரங்களை ஒட்டிச் செய்த கழி ஒன்றை ஆறு பாகைக்குச் சற்று மேலாகச் சாய்த்தால் அது 100.5 அலகுப் பட்டைக்குள் அளவாக அமைந்துவிடுகிறது. அதனை ஒட்டி அடுத்த கழி, அதற்கடுத்து இன்னொன்று என, ஒரே சாய்வில் பட்டை நெடுகிலும் அடுக்கிக்கொண்டு போகலாம்.

இங்கு வீணாவது எது? ஒவ்வொரு கழியின் இரு நுனிகளிலும் ஒவ்வொரு மெல்லிய முக்கோணம். இரண்டையும் சேர்த்தாலும் ஒரு சதுரத்தில் ஒன்பதில் ஒரு பங்குதான். முன்போ ஒவ்வொரு நிரைக்கும் அரைச் சதுரம் வீணாயிற்று. பட்டையின் இரு கோடிகளிலும் சாய்ந்த கழிகளுக்கும் நேரான ஓரத்துக்கும் இடையே இரண்டு பெரிய முக்கோணங்கள் மிஞ்சுவது உண்மையே. அவற்றின் பரப்பு இரண்டும் சேர்ந்து ஆயிரத்து நூறு சதுர அளவில் வரும். அவற்றை அப்படியே கைவிட்டாலும் இலாபம் நமதே. இரு ஓரங்களிலும் இவ்வாறு செய்து, எஞ்சிய 99,900 அலகுச் சதுரத்தை வழக்கம்போல் நிரப்பினால், வரிசை அடுக்கைவிட 75,000க்கு மேற்பட்ட சதுரங்களை அதே தட்டில் கூடுதலாக வைத்துவிடலாம். ஓர் இலட்சம் வீணாகும் என்று கைவிட்ட இடத்தில் முக்காற் பங்கு மீண்டுவிட்டது.

பட்டையை இன்னும் அகலமாக்கினால் கழிகளின் சாய்வு குறைந்து நுனி முக்கோணங்கள் மெலியும். ஆனால் கோடி முக்கோணங்கள் பெருக்கும். இரண்டையும் சமன்செய்வதும், கோடிகளில் மிஞ்சுவதை மீண்டும் வேறு கழிகளால் நிரப்புவதும், அதில் மிஞ்சுவதை மறுபடியும் நிரப்புவதுமே எர்டோஷும் கிரகாமும் செய்த வேலை. வீண் பரப்பு, தட்டின் பக்கத்தினது 7/11 ஆம் அடுக்கு என்னும் அளவுக்குள் அடங்கும் என்று அவர்கள் நிறுவினர். இதன் பொருளை எண்களால் உணரலாம். தட்டின் பக்கம் பதினாயிரம் மடங்கு பெரிதானால், வரிசை அடுக்கில் வீணும் பதினாயிரம் மடங்கு பெருகும். புதிய அடுக்கிலோ வீணுக்கு அவர்கள் இட்ட எல்லை ஏறத்தாழ 350 மடங்குதான் பெருகும்.

அப்படியாயின், மேலும் மேலும் சாமர்த்தியமாக அடுக்கி வீணை முற்றாக ஒழித்துவிடலாமா? மூன்று ஆண்டுகளின் பின் இலண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து இதற்கு மறுமொழி வந்தது. எண்கணித ஆராய்ச்சிக்காக 1958இல் பீல்ட்ஸ் பதக்கம் பெற்ற கிளவுஸ் ரோத், தம் சகாவான றொபேட் வோனுடன் சேர்ந்து 1978இல் எழுதிய கட்டுரை, எத்துணைத் திறமையாக அடுக்கினாலும் குறைந்தபட்சம் இவ்வளவு வீணாகியே தீரும் என்பதை நிறுவியது. பக்கம் ஒரு முழு எண்ணுக்கு மிக அருகில் இல்லாதபோது, வீண் பரப்பு பக்கத்தின் வர்க்கமூலத்தின் தரத்துக்குக் கீழே இறங்காது. பதினாயிரம் மடங்கு பெரிய தட்டில் அந்த அடித்தளம் நூறு மடங்கு உயரும். ஆகவே உண்மை இரண்டு எல்லைகளுக்கும் இடையிலே எங்கோ இருக்கிறது என்பது மட்டும் தெளிவாயிற்று.

பெருந்தட்டுகளின் கதை இவ்வாறிருக்க, சிறு தட்டுகளின் கதை வேறு விதமாக நடந்தது. 1979இல் ஒல்லாந்தில் வெளியான ஆய்வுக் கோவையொன்றில் பிரிட்ஸ் கோபெல் என்பார், மூலைவிட்டத்தின் வழியே சாய்ந்த சதுரங்களை வைத்து இரு புறமும் நேரான சதுரங்களால் நிரப்பும் முறை ஒன்றை விதியாகவே வகுத்துக் காட்டினார். ஐந்து சதுரங்களின் அடுக்கு அதன் முதற்படி. அந்த அடுக்கின் இரு பக்கங்களில் ஓர் அலகு அகலமாக ஐந்து சதுரங்களைச் சேர்த்தால் பத்துக்கான அடுக்கு வந்துவிடும். அதன் பக்கம் 3.707. அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்தில் மார்ட்டின் காட்னர், 'சயன்ரிபிக் அமெரிக்கன்' இதழில் தாம் எழுதிவந்த கணித விளையாட்டுப் பகுதியில் அடுக்கற் பிரச்சினைகளை எடுத்துக்கொண்டார். பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்கினாலும் தீராத பிரச்சினைகள் என்பது அவர் இட்ட தலைப்பின் கருத்து.

உத்தியோக முறையில் கணிதம் செய்யாதோரும் புகுந்து விளையாடத்தக்க துறையாக இது மாறியது. பேனாவும் கடதாசியும், வெட்டிய அட்டைத் துண்டுகளும், பொறுமையும் போதுமாயிருந்தன. 1979இல் வால்ட்டர் ட்ரம்ப், பதினொரு சதுரங்களை 3.8771 பக்கமுள்ள தட்டில் அடக்கினார். அதில் சில சதுரங்கள் 45 பாகையிலன்றி, 40 பாகைக்குச் சற்று மேலான ஒரு விசித்திரக் கோணத்தில் சாய்ந்து நிற்கின்றன. அடுத்த ஆண்டு பெர்ட்டி ஹமலைனென் பதினெட்டுச் சதுரங்களை 4.823இல் அடக்கினார், அங்கே சாய்வு ஏறத்தாழ 24 பாகை. ஐந்து சதுரங்களின் அடுக்கிலே காணப்படும் சமச்சீரும் அழகும் இவற்றில் இல்லை.

அழகின்மையில் எல்லாவற்றையும் மிஞ்சியது பதினேழு சதுரங்களின் அடுக்கு. கோபெலின் முறைப்படி பதினேழுக்கு 4.707 பக்கம் வேண்டும். 1998இல் ஹவாய்ப் பல்கலைக்கழக மாணவர் ஜோன் பிட்வெல் அதனை 4.6756 ஆகக் குறைத்தார். அவ்வடுக்கில் சதுரங்கள் மூன்று வெவ்வேறு கோணங்களில் சாய்ந்திருக்கின்றன. எந்த வரிசையும் எதனோடும் இணங்கவில்லை. இடையிடையே பயனற்ற சந்துகள். எட்டு வயதுப் பிள்ளை கைபோன போக்கில் கொட்டிவிட்ட துண்டுகள் என்றே காண்போர் நினைப்பர். ஆயினும் ஒழுங்கான அடுக்கு எதுவும் அதனை இன்றுவரை வெல்லவில்லை. கணிதத்தின் உண்மை அழகாகத்தான் இருக்கவேண்டும் என்று நம்புவோருக்கு அந்தப் படம் ஒரு சங்கடமே.

கண்டுபிடிப்பது ஒன்று, அதனிலும் சிறந்தது இல்லை என்று நிறுவுவது முற்றிலும் வேறொன்று. இரண்டு சதுரங்களுக்கு நிறுவல் மிக எளிது. தட்டின் பக்கம் 2இலும் குறைவாயின், அலகுச் சதுரம் ஒன்றை அதில் எங்கே, எப்படித் திருப்பி வைத்தாலும் அது தட்டின் மையப் புள்ளியை மூடியே தீரும். ஒரு புள்ளியை இரண்டு சதுரங்கள் மூடினால் அவை ஒன்றன்மேலொன்று ஏறியிருக்கும். ஆகவே இரண்டு சதுரங்களுக்கும் 2 அலகுத் தட்டு வேண்டும், மூன்றுக்கும் அதுவே. சதுரங்களின் எண்ணிக்கை கூடும்போது, ஒரு புள்ளிக்குப் பதிலாகப் பல புள்ளிகளைத் தந்திரமாகத் தெரிந்து நடவேண்டும். எந்தச் சதுரமும் அவற்றுள் ஒன்றையேனும் மூடாமல் தப்பமுடியாதபடி வைத்துவிட்டால், புள்ளிகளைவிட அதிகமான சதுரங்கள் அங்கே நுழைய இயலாது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தவரான எரிக் பிரீட்மன் இம்முறையைப் பல எண்களுக்குப் பயன்படுத்தினார். இத்துறையின் செய்திகளையெல்லாம் 1998 முதல் ஒரே ஏட்டில் திரட்டி, புதியன வருந்தோறும் திருத்தி வெளியிட்டவரும் அவரே.

நிறுவல்கள் எவ்வளவு மெதுவாக வந்தன என்பதை ஆண்டுகளே சொல்லும். ஆறு சதுரங்களுக்கு 3 அலகு வேண்டும், குறைக்கவே முடியாது என்பது 2002இல் தான் அச்சேறியது. பத்துக்கு 3.707இலும் சிறிய தட்டு இல்லை என்பதை 2003இல் வால்ட்டர் ஸ்ட்ரோம்குவிஸ்ட் நிறுவினார். ஒரு வர்க்க எண்ணிலிருந்து ஒன்றோ இரண்டோ குறைந்த எண்ணிக்கைக்கு வரிசைத் தட்டே சிறந்தது என்பது 2005இல் ஹிரோஷி நகமோச்சி கண்ட முடிபு. பதின்மூன்றுக்கு 4 அலகு வேண்டும் என்பதற்கு 2010வரை காத்திருக்க நேர்ந்தது. இடையே கணனியும் களத்தில் இறங்கியது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த கென்சான், ரிக்கலிங்க் என்னும் இருவர், சதுரங்கள் பில்லியாட் பந்துகளைப்போல் மோதி நகர்வதாகக் கணனியில் இயக்கி, இருபத்தொன்பது சதுரங்களுக்கு முன்னறியாத அடுக்கொன்றைப் பெற்றனர். அது 2005இல் வெளியாயிற்று. அதன் படமும் அலங்கோலந்தான்.

இன்னொரு செய்தி, வரிசை அடுக்கின்மேல் எஞ்சியிருந்த மதிப்பையும் அசைத்தது. பதினேழு அலகுத் தட்டில் 289 சதுரங்கள் முழுமையாக அடங்கும். அவற்றிலே ஒரு வரிசையை, அதாவது 17 சதுரங்களை, எடுத்துவிட்டால் எஞ்சுவன 272. ஒரு வரிசை குறைந்ததற்காகச் சதுரத் தட்டின் நீளத்தையும் அகலத்தையும் ஒருங்கே குறைத்துவிட முடியாது என்றே தோன்றும். சிறிய எண்களில் அப்படி யாரும் குறைத்துக் காட்டியதும் இல்லை. ஆனால் 272 சதுரங்களையும் பதினேழிலும் சற்றுச் சிறிய தட்டில் அடக்கலாம் என்று லார்ஸ் கிளீமன் காட்டினார்.

பெருந்தட்டின் வினாவைக் கிரகாம் கைவிடவில்லை. எர்டோஷ் மறைந்து பதின்மூன்று ஆண்டுகளின் பின், தம் மனைவியும் கணித அறிஞருமான பான் சுங் அம்மையாருடன் சேர்ந்து அதனை மீண்டும் எடுத்தார். 2009இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை 7/11 என்ற அடுக்கை 0.631 அளவுக்குக் குறைத்தது. முப்பத்து நான்கு ஆண்டு இடைவெளிக்கு அது சிறிய முன்னேற்றமாகவே தோன்றும். இத்துறையில் ஒரு தசமப் புள்ளி அசைவதற்கும் எத்தனையோ கழிகளைச் சாய்த்துப் பார்க்கவேண்டியிருக்கிறது. பின்னும் அவ்விருவர் எழுதிய கட்டுரை 2020இல் வெளிவந்தது. சாய்ந்த கழிகளின் கோடிகளில் மிஞ்சும் துண்டு நிலங்களை நிரப்புவதற்கு மேலும் நுட்பமான வழி கண்டு, அடுக்கை 3/5 ஆக அதில் இறக்கினர். பக்கம் பதினாயிரம் மடங்கு வளர்ந்தால் இந்த எல்லை 251 மடங்கு வளரும். அதே ஆண்டு யூலை 6ஆம் திகதி கிரகாம் காலமானார். ஐந்து பக்கக் கட்டுரையில் எர்டோஷுடன் தொடங்கிய வினா, நாற்பத்தைந்து ஆண்டுகள் அவரோடு இருந்தது.

ரோத்தும் வோனும் இட்ட அடித்தளம் 1/2. சுங்கும் கிரகாமும் இறக்கிய கூரை 3/5. நூறுக்கும் 251க்கும் இடையே உள்ள அந்த வெளியில் உண்மை எங்கே நிற்கிறது என்பது தெரியவில்லை. சிறு தட்டுகளிலோ பதினொன்றுதான் தீராத முதல் எண். 1979இல் ட்ரம்ப் கண்ட 3.8771 அலகுத் தட்டிலே பதினொரு சதுரங்களும் சாய்ந்தும் நிமிர்ந்தும் நெருங்கிக் கிடக்கின்றன. அதனிலும் குறிப்பிடத்தக்க அளவு சிறிய தட்டை எவரும் காட்டவுமில்லை, அப்படி ஒன்று இல்லையென்று நிறுவவுமில்லை.